‘தரம், சுவை, பாரம்பரியம்’ எழுதி அலுத்துப்போச்சு: செக்கு எண்ணெய்க்கு விளம்பரம் எப்படிங்க எழுதுறது?

செக்குமேடு (#1)

வணக்கமுங்க. ராசிபுரம் பக்கம் மரச்செக்கு வெச்சிருக்கேன். நெய்க்குப் பேர் போன ஊர்ல எண்ணெய் வித்துப் பொழைக்கிறவன். கடலெண்ணெய்தான் அதிகம், நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொஞ்சம். எஃப்.எம்.ல 20 விநாடி விளம்பரம் பேசி முடிச்சாச்சு. பஸ் ஸ்டாண்டு போற ரோட்ல ஒரு சுவரும் கெடச்சிருக்கு. என்ன எழுதுறதுன்னுதான் தெரியல. நானே எழுதிப் பார்த்தது இது:

“பாரம்பரிய முறையில் தயாரான தூய்மையான, தரமான, சுவையான மரச்செக்கு எண்ணெய்! நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். ரீஃபைண்டு விஷத்தைத் தவிர்ப்பீர், ஆரோக்கியம் காப்பீர். இதயத்துக்கு இதமானது, கொலஸ்ட்ரால் இல்லாதது. ஒருமுறை வாங்கினால் மறுமுறை தேடி வருவீர்கள்!”

வூட்டுக்காரம்மா படிச்சுப் பார்த்துட்டு, “கடைப் பேரை எடுத்துட்டா இது யாரு விளம்பரம்னு உங்களுக்கே தெரியாது”ன்னாங்க. வாஸ்தவந்தானுங்க. எதிர் ரோட்டுச் செக்குக்காரரும் இதையேதான் போட்டிருக்காரு, ‘நோயற்ற வாழ்வே’ முதக்கொண்டு. கற்பனையா எழுதுறதுங்கறது பிறவியில வரணுமா, கத்துக்கலாமா?

குறும்பன்77 (#2)

எதுக்கு அண்ணே கவலை, ஏ.ஐ. கிட்ட கேட்டேன். மூணு செகண்டில் கொடுத்துருச்சு: “சுவையின் சங்கமம், ஆரோக்கியத்தின் அரவணைப்பு! ஒவ்வொரு துளியிலும் பாரம்பரியம், ஒவ்வொரு சொட்டிலும் நம்பிக்கை!”

துளியும் சொட்டும் ஒண்ணுதானேன்னு கேட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டு ‘ஒவ்வொரு திவலையிலும்’னு மாத்திக் கொடுத்துச்சு. 🙏

இருபதுவிநாடி (#3)

சென்னையில் விளம்பர நிறுவனம் ஒன்றில் காப்பிரைட்டராக (விளம்பர வாசகம் எழுதுற வேலை) 14 வருஷம். அண்ணா, உங்க வீட்டம்மா சொன்னதுதான் எங்க ஆபீஸில் நாங்க வைக்கிற முதல் பரிட்சை. பேரை மறைச்சுட்டுப் படி; போட்டிக்காரன் பேரைப் போட்டாலும் பொருந்தினா கிழிச்சுப் போடு. ‘தரமான’ என்கிற வார்த்தை எந்தச் சட்டைக்கும் பொருந்துற பித்தான். எந்தக் கடைக்காரர் ‘தரமில்லாத’ன்னு எழுதப் போறார்?

பிறவியா, பயிற்சியான்னு கேட்டீங்க. ரெண்டையும் விடுங்க. எனக்குத் தெரிஞ்சு பாதி வேலை விசாரிக்கிறதுதான். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ்னு பழைய காலத்து விளம்பர எழுத்தாளர். ஷ்லிட்ஸ்னு ஒரு பியர் கம்பெனிக்கு எழுத வந்தார். அப்போ எல்லா பியர் விளம்பரமும் ‘சுத்தமானது’ என்கிற ஒரே வார்த்தையைத்தான் பெரிசாக் கத்திட்டிருந்தது. இவர் நேரா ஆலைக்குப் போய்ச் சுத்திப் பார்த்தார். ஆழ்கிணற்றுத் தண்ணி, பாட்டிலை நீராவியில் கழுவுறது, எல்லாத்தையும் பார்த்துட்டு, “இதை ஏன் வெளியில சொல்லலை?”ன்னு கேட்டார். “எல்லாக் கம்பெனியும் இதைத்தானே செய்யுது”ன்னாங்க. செய்யறாங்க, ஆனா யாரும் சொல்லலையேன்னு அதையே விளம்பரமா எழுதினார். கம்பெனி எங்கேயோ போயிடுச்சு.

1958ல் டேவிட் ஓகில்வி எழுதின ரோல்ஸ்ராய்ஸ் விளம்பரமும் அப்படித்தான். அறுபது மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கிற பெரிய சத்தம் அதிலிருக்கிற மின்கடிகாரத்தோடதுதான் என்பது தலைப்பு. அவர் உட்கார்ந்து கற்பனை பண்ணினது இல்லை. மூணு வாரம் காரைப் பத்தின காகிதங்களைப் படிச்சுப் பொறுக்கினது.

அதனால எனக்கு நாலு விஷயம் சொல்லுங்க. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ கடலை போகுது? ஆட்டின எண்ணெயை உடனே விக்கிறீங்களா? உங்க செக்குல நீங்க பண்ணி, பக்கத்துச் செக்குல பண்ணாதது ஏதாச்சும் உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: வாங்கினவங்க என்ன சொல்லித் திட்டினாங்க? பாராட்டு வேண்டாம். பாராட்டும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க, ‘நல்லாருக்கு’ன்னு. திட்டும்போதுதான் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாயால பேசுவாங்க.

ஒலிவாங்கி (#4)

வானொலியிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்து ஓய்வுபெற்றவன். தம்பி, உங்கள் விளம்பரத்தை நிறுத்துகடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தேன். கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாமலேயே பதினாறு விநாடி. அவற்றையும் சேர்த்தால் குரல் கொடுப்பவர் மூச்சு விட உங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும். என் கணக்கு, இருபது விநாடிக்கு முப்பத்தைந்து சொல். தமிழ்ச் சொல் நீளம் அதிகம். ‘வருவீர்கள்’ என்பதற்குள் ஆங்கிலத்தில் நான்கு சொல் போய்விடும்.

காதுக்கு எழுதுவது வேறு, கண்ணுக்கு எழுதுவது வேறு. நரசுஸ் காபி விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேஷ் பேஷ்’ என்பதற்கு அகராதியில் எவ்வளவு பொருள் இருக்கிறது? ஒரு மடக்குக் குடித்தவன் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் அது. ‘ரொம்ப நன்னாயிருக்கு’ பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. அங்கே ‘உயர்தரக் கொட்டைகளிலிருந்து’ என்று ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு நான் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் இன்னும் ஒருபடி மேல். குழந்தை அழுகிறது. என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு தலைமுறையாக மேலே போகிறது. கொடுக்கச் சொல்லு, நீ குழந்தையாக இருந்தபோதும் அதைத்தான் கொடுத்தேன் என்று பதில் இறங்கி வருகிறது. மருந்தைப் பற்றி ஒரு புகழ்ச்சி உண்டா? ‘சிறந்த’ உண்டா? நம் வீட்டில் பாட்டி பேசுகிறபடியே பேசுகிறார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் பாட்டி சொன்னதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். கோபால் பல்பொடி விளம்பரம் முழுக்க முழுக்க அலங்காரம்தான். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கி, மக்களின் பேராதரவு என்று முடியும். மேலே அந்த அம்மாள் வைத்த பரிட்சையில் அது தேறாது. எந்தப் பல்பொடிக்கும் பொருந்தும். ஆனாலும் நின்றது. ஏன்? அந்தப் பெயர்களின் தாளம், பிறகு விடாமல் ஒலிபரப்பிய பணம். திரும்பத் திரும்பப் போட உங்களிடம் பணம் இருந்தால் நீங்களும் அப்படி எழுதலாம், தம்பி.

மொழிமாற்றி (#5)

மும்பை மாதுங்காவிலிருந்து. இந்தி விளம்பரங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு (யாரும் அடிக்க வர வேண்டாம்).

ஐயா சொன்ன ‘காதுக்கு எழுதுவது’ பற்றி ஒரு கொசுறு. எனக்கு வரும் காகிதத்தில் ‘உங்கள் கூந்தலின் முழுத் திறனை வெளிக்கொணருங்கள்’ மாதிரியான வாக்கியத்தைத்தான் கேட்பார்கள். கூந்தலுக்கு என்னய்யா திறன், அது என்ன பரிட்சையா எழுதப் போகிறது? ஆனால் அப்படியே வேண்டும் என்பார்கள், ஏனென்றால் மூன்று மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்ட வாக்கியம் அது. உதட்டசைவுக்கும் ஒட்ட வேண்டும்.

எப்போதாவதுதான் நல்லது அமையும். சர்ஃப் எக்ஸலின் ‘கறை நல்லது’ அப்படி ஒன்று. இந்தியில் மூன்று சொல், தமிழில் இரண்டு. சோப்புத்தூள் விற்கிறவன் கறையைத் திட்டித்தானே ஆக வேண்டும்? அவன் வாயிலிருந்தே ‘நல்லது’ என்று வந்ததும் காது நிமிர்கிறது. அதற்குப் பிறகு குழந்தை ஏன் சேற்றில் விழுந்தது என்று கதை சொல்ல அவகாசம் கிடைத்துவிடுகிறது.

செக்குமேடு அண்ணன் எண்ணெயில் அப்படித் தலைகீழாக ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லேபிள்_பார்க்கிறவன் (#6)

எல்லாரும் கற்பனையைப் பத்திப் பேசுறீங்க. நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன், மன்னிக்கணும். உணவுத் தொழில்நுட்பம் படிச்சு அந்தத் துறையிலேயே இருக்கேன்.

1) ‘ரீஃபைண்டு விஷம்’. எடுத்துடுங்க. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருளை விஷம்னு சொல்றதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு? நாளைக்கே நோட்டீஸ் வரலாம்.
2) ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ரீஃபைண்டிலும்தான் கிடையாது. உங்களுக்கு மட்டும் உள்ள சிறப்பு மாதிரி சொல்றது ஏமாத்து வேலை.
3) ‘இதயத்துக்கு இதம்’. நோய் பக்கமே போகாதீங்க. குணமாக்கும்னு ஒரு படி தாண்டினா 1954ஆம் வருஷத்து மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் இருக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ல் பிரிவு 53, தவறா வழிநடத்துற விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரைக்கும் அபராதம்.

பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கார். செக்குக்காரருக்கு யார் இருக்கா?

குறும்பன்77 (#7)

ஆக, அண்ணன் எழுதினதுல மிச்சம் ‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ மட்டும். அது அண்ணனோடதும் இல்ல. 😂

செக்குமேடு (#8)

சிரிச்சு முடிச்சுட்டு வந்துட்டனுங்க. இருபதுவிநாடி அம்மிணி கேட்டதுக்குப் பதில்.

நிலக்கடலைப் பருப்பு ரெண்டரை கிலோ போட்டா ஒரு லிட்டர் எண்ணெய் வருமுங்க. பருப்பு நல்லா இருந்தா அதுக்குக் கொஞ்சம் குறைச்சலாப் போகும். நல்லெண்ணெய்க்கு எள்ளோட கருப்பட்டி போட்டு ஆட்டுவோம். செக்கு வாகை மரம், மோட்டாருல சுத்துது; மாடெல்லாம் போட்டோவுலதான். ஆட்டுன எண்ணெயை அகலமான சில்வர் பாத்திரத்துல ஊத்தி, வெள்ளைத் துணி கட்டி மூணு நாள் வெயில்ல தெளிய வெக்கறது. மேலாப்புல தெளிஞ்சதை இறுத்துட்டு அடிக்கசடை விட்டுருவோம். என்ன இறுத்தாலும் பாட்டில் அடியில கொஞ்சம் மண்டி நிக்கும்.

பக்கத்துச் செக்குல பண்ணாததுன்னு ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. (அந்த பியர்க்காரரும் இதையேதான் சொன்னாரோ?)

திட்டுனது நெறய இருக்குங்க. ஒண்ணு, அடியில மண்டி. ரெண்டு, விலை. மூணாவதுதான் பெரிய ரோதனை: நுரை. செக்குக் கடலெண்ணெய் சட்டியில காஞ்சு பலகாரம் போட்டதும் பொங்கிக்கிட்டு நுரைக்கும். ஒரு பலகாரக் கடைக்காரர் ஒரு டின்னைத் திருப்பியே அனுப்பிட்டாரு, கலப்படம்னு. போன தீவாளிக்கு ஒரு அம்மா போன் பண்ணி, நான் ‘அலோ’ சொல்றதுக்குள்ள, “ஏனுங்க, எண்ணெயில சோப்பு கீப்பு கலந்திருக்கீங்களா? முறுக்கு எங்க இருக்குதுன்னே தெரியல!”ன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. அடுப்பச் சிம்முல வெச்சு, சட்டியில பாதிக்குக் கீழ ஊத்துங்கன்னு பக்குவம் சொன்னேன். அப்புறம் அடங்குச்சு. அந்தம்மா இப்ப மாசாமாசம் அஞ்சு லிட்டர் வாங்குறாங்க.

இருபதுவிநாடி (#9)

அண்ணா!! ஏழாவது வரியில் விளம்பரத்தை ஒளிச்சு வெச்சுட்டு, எழுத வரலைன்னு சொல்றீங்களே.

“ஏனுங்க, எண்ணெயில சோப்பு கீப்பு கலந்திருக்கீங்களா?”

இதை நான் பத்து நாள் உட்கார்ந்தாலும் எழுத மாட்டேன். ‘கீப்பு’ எனக்கு வராது. ‘முறுக்கு எங்க இருக்குதுன்னே தெரியல’ சத்தியமா வராது. நுரையை அவ்வளவு தெளிவா யாரும் காட்டினதில்லை. அந்தம்மாவுக்கு நாங்க சம்பளம் கொடுத்து வேலைக்கு வெச்சுக்கலாம்.

தயவுசெஞ்சு இதை ‘திருத்தி’ எழுதிடாதீங்க. ‘தங்கள் எண்ணெயில் நுரை காணப்படுகிறதே’ன்னு ஆயிடும்.

மொழிமாற்றி (#10)

நான் தேடிய தலைகீழ் இதுதான். ‘எங்கள் எண்ணெய் நுரைக்கும்.’ குறையைத் தானே முன்வந்து சொல்வது. 1960ல் ஃபோக்ஸ்வாகன் தன் காரின் படத்தைப் போட்டு அடியில் ‘லெமன்’ என்று ஒரே சொல் அச்சடித்தது. அமெரிக்கப் பேச்சில் ஓட்டைக் காரைத்தான் லெமன் என்பார்கள். கீழே படித்தால், கையுறைப் பெட்டியின் மேலிருந்த குரோமியப் பட்டையில் சிறு பழுது இருந்ததால் பரிசோதகர் அந்தக் காரையே கழித்துவிட்டார் என்று வரும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவனை நம்பாமல் எப்படி?

ஒலிவாங்கி (#11)

நான் மாறுபடுகிறேன். ஃபோக்ஸ்வாகனுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டவன் கண்ணை நகர்த்தாமல் கீழே படித்துத் தெளிந்தான். வானொலி கேட்பவன் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறான், ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருக்கிறான். பாதிதான் காதில் விழும். எந்தப் பாதி என்பது உங்கள் கையில் இல்லை. சோப்பு என்ற பாதி விழுந்துவிட்டால்?

எண்பதுகளில் ஒரு பூச்சிமருந்து விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். “இந்த வீட்டில் எலி இருக்கிறது!” என்று அலறல் தொடக்கம். பிரமாதம் என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். மறுவாரம் அதே நிகழ்ச்சியில் எங்களுக்கு அடுத்ததாக வந்த உணவு விடுதிக்காரர் நிலையத்துக்கே வந்துவிட்டார். ‘எலி’யின் சூடு ஆறுவதற்குள் அவருடைய இட்லி விளம்பரம் வந்திருக்கிறது. என்ன பதில் சொல்வது?

இருபதுவிநாடி (#12)

ஐயா, எலி விஷயத்தில் உங்க பக்கம்தான். ஆனா ஒண்ணு. பாதுகாப்பா எழுதினா பாதிகூடக் காதில் விழாது. அண்ணன் முதல்ல எழுதினதைப் போட்டா கேட்கிறவனுக்கு எந்தப் பாதி விழும்?

லேபிள்_பார்க்கிறவன் (#13)

நுரை விஷயம் ரொம்ப நல்லா இருக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும். செக்கு எண்ணெயில் பாஸ்போலிப்பிட் மாதிரியான பசைப் பொருள்கள் தங்கிடும், சுத்திகரிக்கும்போது அதை எடுத்துடுவாங்க. உங்க எண்ணெய் நுரைக்க அது ஒரு காரணம். ஆனா ‘நுரைச்சாத்தான் சுத்தம்’னு போயிடாதீங்க. நாலு தடவை காய்ச்சின பழைய எண்ணெயும் நுரைக்கும், ஈரம் பட்டாலும் நுரைக்கும். ‘எங்க எண்ணெய் நுரைக்கும்’ உண்மை. ‘நுரைக்காதது கலப்படம்’ பொய். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வரிதான் இருக்கு, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

சட்டியில் பாதிக்குக் கீழ ஊத்துங்கன்னு நீங்க சொன்ன பக்குவத்தைக் கட்டாயம் சேர்க்கணும். பொங்கி அடுப்பில் விழுந்தா தீ.

சுவரெழுத்து (#14)

சேலத்துலருந்து. 22 வருசமா சுவருல எழுதுறேன். எல்லாரும் ரேடியோவையே பேசுறீங்க, சுவரை மறந்துட்டீங்க.

சுவருக்கு நுரை, சோப்பு ஒண்ணும் வேணாம். பஸ்ல போறவன் பார்க்குறது நாலு செகண்டு, பைக்குல போறவன் அதுகூட இல்ல. ஒரு தடவை ஒரு ஜவுளிக்கடை முதலாளி நாப்பது வார்த்தை, மூணு சாமி, அஞ்சு போன் நம்பர் கொடுத்து எழுதச் சொன்னாரு. எழுதினேன். சுவருக்காரரு கேட்டுக்கிட்டாருன்னு அடியில ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’னு என் காசுல ஒரு வரி சேத்தேன். ஆறு மாசம் கழிச்சு டீக்கடையில விசாரிச்சா அந்தச் சுவருல எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது அந்த ஒரு வரிதான். ஏன்னா அது ஒண்ணுதான் படிக்கிறவனப் பாத்துப் பேசுச்சு.

தம்பி சொன்ன ரெண்டரை கிலோ கணக்கு இருக்கே, அது சுவருக்குன்னே பொறந்தது. மஞ்சள்ல கருப்பு:

2½ கிலோ கடலை = 1 லிட்டர் எண்ணெய்.
கடலை விலை கேட்டுட்டு வாங்க.

கீழ கடைப் பேரு, ஒரு நம்பர். முடிஞ்சது. 2½ன்னு போட்டா கண்ணு தானா நிக்கும். எழுத்துக்கு நடுவுல எண்ணு கல்லு மாதிரி.

இருபதுவிநாடி (#15)

சுவரெழுத்து அண்ணா, எங்க ஆபீஸுக்கு எப்போ வர்றீங்க?

இது ஏன் வேலை செய்யும்னு சொல்றேன். ‘விலை ஏன் அதிகம்?’ என்பதுதான் ரெண்டாவது திட்டு. அதுக்கு ‘தரத்துக்கு விலை’ன்னு பதில் சொன்னா தத்துவம். கடலை விலையைக் கேளுன்னு சொன்னா, மளிகைக் கடையில் நிக்கிற ஆள் அவரே பெருக்கிப் பார்த்துக்குவார். அவர் போட்ட கணக்கை அவர் நம்புவார். லலிதா ஜுவல்லரி முதலாளி தானே டி.வி.யில் வந்து, விலைச்சீட்டைப் போட்டோ எடுத்துட்டுப் போய் நாலு கடையில் ஒப்பிட்டுப் பாருங்கன்னு சொன்னாரே, அந்தத் தைரியம்தான் இதுவும். எத்தனை பேர் நிஜமாவே போய் ஒப்பிட்டாங்கன்னு தெரியாது. சொன்ன தோரணைக்கே பாதி நம்பிக்கை வந்துடுது.

குறும்பன்77 (#16)

ஒரு சந்தேகம். ரெண்டரை கிலோ கடலையில ஒரு லிட்டர் எண்ணெய் போக மிச்சம் ஒன்றரை கிலோ புண்ணாக்கு இருக்குமே? அதையும்தான் அண்ணன் காசாக்குறார். கணக்குப் போடுறவன் அதையும் போட மாட்டானா? இந்தத் தடவை விளையாட்டுக்குக் கேக்கலை.

செக்குமேடு (#17)

அது நியாயமான கேள்விதானுங்க. புண்ணாக்கு மாட்டுக்குப் போகுது, காசு வருது. அதுலதான் கரண்டு, ஆள் கூலி, பாட்டில், கடை வாடகை எல்லாம் ஓடுது. யாராச்சும் கேட்டா இதையே சொல்லிப்போடுறேன். கேக்கட்டுமுங்க, கேட்டா கடைக்கு வந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்.

பையன் ஒரு யோசனை சொன்னான்: “தூக்குப்போசி கொண்டாங்க, அளந்து ஊத்துறோம்”னு போடலாமான்னு. அந்தக்காலத்து வாசமா இருக்கும்ங்கறான்.

லேபிள்_பார்க்கிறவன் (#18)

வாசமாத்தான் இருக்கும். சமையல் எண்ணெயைப் பொட்டலமில்லாம சில்லறையா அளந்து விக்க 2011 விதிமுறையில் தடை இருக்கு. சட்டத்தை மீறுறதைச் சுவர்ல எழுதி நம்பரும் கொடுப்பீங்களா?

ஒலிவாங்கி (#19)

சரி, தோற்றவன் கையால் ஒரு பிரதி. நேற்று இரவு படித்துப் பார்த்தேன், பத்தொன்பது விநாடி வருகிறது.

(தொலைபேசி மணி. பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தம்.)
பெண்: ஏனுங்க, எண்ணெயில சோப்பு கீப்பு கலந்திருக்கீங்களா? முறுக்கு எங்க இருக்குதுன்னே தெரியல!
கடைக்காரர் (நிதானமாக): செக்குல ஆட்டுன கடலெண்ணெய் நுரைக்குமுங்க. சட்டியில பாதிக்குக் கீழ ஊத்துங்க.
(பொரியும் சத்தம் அடங்குகிறது. ‘கறுக்’கென்று முறுக்குக் கடிக்கும் சத்தம்.)
பெண்: …இன்னும் அஞ்சு லிட்டர் எடுத்து வைங்க.
அறிவிப்பாளர்: (கடைப் பெயர்), ராசிபுரம்.

அறிவிப்பாளருக்கு இரண்டே சொல். இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய வேடம். ஒரு வேண்டுகோள்: கடைக்காரர் குரலை நீங்களே கொடுங்கள், தம்பி. ‘நுரைக்குமுங்க’வில் உள்ள அந்த ‘ங்க’ எங்கள் ஆட்களுக்கு வராது. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழிமாற்றி (#20)

அந்தக் ‘கறுக்’குக்கு ஒரு கும்பிடு. சுவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, வாய் ஊறுகிறது.

செக்குமேடு (#21)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு மாசம் ஆச்சு, வந்து சொல்லலாம்னு.

விளம்பரம் பதினஞ்சு நாள் ஓடுச்சு. என் குரல்தான்; நாலு தடவை திருப்பிப் பேச விட்டாங்க. அந்தம்மா சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க, அஞ்சு லிட்டர் சும்மா கொடுத்தேன். யாவாரம் கூடியிருக்கு. விளம்பரத்தாலயா, பண்டிகை வருதேன்னான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

ஆனா ஒண்ணுங்க. போன் பண்றவங்க பத்துல மூணு பேராவது “அந்தச் சோப்பு எண்ணெய்க் கடைங்களா?”ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பையன் கடை பேரைச் சொன்னா, “ஆமாமா, அந்தச் சோப்பு எண்ணெய்”ங்கறாங்க. எதிர் ரோட்டுக்காரரு அவர்கிட்ட வர்றவங்ககிட்ட, “நம்மகிட்ட சோப்பு இல்லீங்க”ன்னு சிரிக்கிறாராம்.

ஐயா சொன்ன அந்தப் பாதி விழுந்துபோச்சுங்க.

ஒலிவாங்கி (#22)

எனக்குச் சொல்லிக்காட்டத் தோன்றவில்லை, தம்பி. மூன்று பேர் பெயர் தப்பாகச் சொல்கிறார்கள் என்றால் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். கோபால் பல்பொடியைக் கேலி செய்யாத ஊர் உண்டா?

இருபதுவிநாடி (#23)

தப்பு என் மேல்தான். அந்தம்மா வாக்கியத்தில் ‘சோப்பு’ எனக்கு மட்டும் சிரிப்பா இருந்துச்சு, உணவுப் பொருளுக்கு ஒட்டிக்கிற பேரான்னு யோசிக்கலை. அடுத்த சுற்றில் முதல் வரியை எடுத்துட்டு ‘முறுக்கு எங்க இருக்குதுன்னே தெரியல’லிருந்து ஆரம்பிக்கலாம். அப்போ ‘நுரை முறுக்கு எண்ணெய்’ ஆகும், பரவாயில்லை. கூடவே பாட்டில் கழுத்தில் ஒரு சீட்டு: “நுரைக்கும். பாதிக்குக் கீழ ஊத்துங்க.” இது விளம்பரமும் ஆச்சு, பக்குவமும் ஆச்சு.

குறும்பன்77 (#24)

இல்லாட்டி எதிர் ரோட்டுக்காரர் சிரிப்பையே அடுத்த விளம்பரமாப் போடலாமே?

லேபிள்_பார்க்கிறவன் (#25)

கூடாது.

சுவரெழுத்து (#26)

தம்பி, சுவரு வெள்ளையடிச்சுக் காஞ்சு ஒரு வாரமாச்சு. 2½ எழுதிப்புட்டேன், பக்கத்துல நின்னு பாத்தாலும் பாலத்துல நின்னு பாத்தாலும் தெரியுது. ‘கடலை விலை கேட்டுட்டு வாங்க’ எழுதறப்ப ஒரு பாட்டி நின்னு, “கடலை என்ன வெலை?”ன்னு என்கிட்டயே கேட்டுச்சு. தெரியலைன்னேன். நாளைக்குக் கடைப் பேரு எழுதணும். அதே பேருதானா, இல்ல மாத்துறியா? காலையில எட்டு மணிக்குள்ள சொல்லிடு, வெயில் ஏறிட்டா பெயிண்டு இழுக்காது.